பிச்சாயி சுட்ட சில்லு

ஒரு ஊர்ல ஒரு குயத்தி இருந்தா, பேரு பிச்சாயி. வாய் கொஞ்சம் நீளம். ம் கொட்டுடா, இல்லன்னா நிறுத்திருவேன். ம்... அப்படி!

அந்த ஊரு ராசாவுக்குக் காசுன்னா உசுரு. ஊர்ல இருந்த காசையெல்லாம் வரின்னு வழிச்செடுத்து, சலங் சலங்குன்னு கோட்டைக்குள்ள கொட்டிப் பூட்டிட்டான். அப்புறம் என்னாச்சு? சந்தையில அரிசி இருக்கு, எண்ணெய் இருக்கு, வாங்கத்தான் காசு இல்லை. பிச்சாயி பானையைக் குடுத்து அரிசி கேட்டா, அரிசிக்காரன் "பானை வேணாம் தாயி, எண்ணெய்தான் வேணும்"ங்கிறான். எண்ணெய்க்காரிக்கோ கயிறு வேணுமாம். வீடு நிறையப் பானை, ஒண்ணுலயும் சோறு இல்லை. அவ மக பசியில அழுவுறா.

அப்போ பிச்சாயிக்கு வந்துச்சு பாரு கோவம்! "காசைப் பூட்டினான், பசியையுமா பூட்டினான்?"னு, நீ பாண்டி விளையாடுற சில்லு மாதிரி மண்ணைத் தட்டிச் சுட்டா. "இதை யாரு கொண்டாந்தாலும் ஒரு பானை தருவேன்"னு சத்தியம் பண்ணினா. அரிசிக்காரன் வாங்கினான், எண்ணெய்க்காரிக்கிட்ட குடுத்தான், அவ கயித்துக்காரன்கிட்ட குடுத்தா, அவனுக்குத்தான் பானை வேணும், சில்லைக் கொண்டாந்து பானை வாங்கிட்டுப் போனான். சந்தை கலகலன்னு ஆயிருச்சு. ம் எங்கடா?

அப்புறம் ராசாவோட சேவகன் வந்தான். படார் படார்னு சில்லை உடைச்சான். "நல்லா உடைப்பா, மண்ணுக்கா பஞ்சம்?"னு மறுபடியும் சுட்டா.

அப்புறம் அவ கொழுந்தன், பேராசை பிடிச்சவன், திருட்டுத்தனமா கூடை கூடையா சில்லு சுட்டு இறக்கிட்டான். ஒரு சில்லு அரிசி மூணு சில்லாயிருச்சு!

"சில்லு நிறைய இருந்தா நல்லதுதானே மதினி?"

"சில்லு பெருத்தா நெல்லு பெருக்குமாடா?"

கூடையைத் தூக்கி நடுச்சந்தையில அவளே போட்டு உடைச்சா, சடசடசட!

அப்புறம் ராசாவே வந்தான், டக்குடக்குன்னு குதிரையில. "என் காசு இல்லாம சந்தையா? மூடு!"

"சரி, மூடிட்டோம்"னா பிச்சாயி. அரிசிக்காரன் சாக்கைப் போட்டு மூடினான். எண்ணெய்க்காரி குடத்தைத் தூக்கிக்கிட்டா. அரண்மனைக்கும் ஒரு பிடி அரிசி போகலை. ராத்திரியெல்லாம் ராசா வயிறு கடமுடா கடமுடா.

விடிஞ்சதும் கோட்டைக் கதவு கிரீச்சுன்னு திறந்துச்சு.

"எவ்வளவு காசு வெளிய விடணும்?"னான், தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு.

"சந்தையில சாமான் எவ்வளவோ, அதுக்குத் தக்கன விடு. சாமான் கூடினா காசும் கூடட்டும். சும்மா காசா அடிச்சு இறக்கினே, கொழுந்தன் கூடைக்கு ஆன கதிதான். ராசா காசுன்னு பாக்க மாட்டேன்."

அன்னிக்குப் பிச்சாயி மக வயிறு முட்டச் சோறு தின்னுட்டுத் தூங்கிட்டா. கதையும் படுத்துருச்சு, நீயும் படு.