வேலம்பாசியின் வழுவழுப்பு

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்கவில்லை. என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்யும் குமுதவல்லி சொன்னார். அவருக்கு, அவர் ஊர் ஏரியில் மீன் பிடித்து விற்கும் தேசம்மாள் சொன்னாராம். நடுவில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது என் பிழையாகவும் இருக்கலாம்.

அந்தக் காலத்தில், ஏரித் தண்ணீருக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் பேச்சு வந்தபோது, பொடிசுகள் என்றொரு கூட்டம், நீருக்கடியில் வளரும் வேலம்பாசிச் செடியின் இலைகள்மேல் குடியிருந்தது. ஒவ்வொன்றும் கடுகளவு, பழுப்பு நிறம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மீன்களின் கழிவிலிருந்து கிளம்பும் நெடிதான் அவற்றுக்குச் சாப்பாடு. அது தண்ணீரில் மிஞ்சினால் மீன்குஞ்சுகளின் செவுள் வெந்துவிடும். பொடிசுகள் இருந்தவரை மிஞ்சியதே இல்லை. அதனால் அப்படியொரு நெடி இருப்பதே ஏரியில் யாருக்கும் தெரியாது.

வெயில் ஏறினால் வேலம்பாசியின் இலைகளிலிருந்து மூச்சு குமிழ் குமிழாக வரும். அந்த மூச்சுக்காகத்தான் பொடிசுகள் அங்கே ஒட்டியிருந்தன.

ஏரி ஆழமில்லாதது. மேலே மிதந்த அல்லிக்கு, அடியில் நிற்கும் வேலம்பாசி முழுசாகத் தெரியும். ஒருநாள் அல்லி குனிந்து பார்த்துக் கேட்டது: “என்னடி இது, மேலெல்லாம் அப்பிக்கிட்டு? நிக்கறது தண்ணியில, குளிக்க மட்டும் நேரமில்லையா?”

பக்கத்தில் போன கெண்டையும் சிரித்துவிட்டது. வேலம்பாசிக்கு உடம்பு கூசிப்போயிற்று.

நத்தையை வரவழைத்து, இலைகளைச் சுரண்டித் தரும்படி கேட்டது. பொடிசுகளில் மூத்தது, தாங்கள் அழுக்கு இல்லை என்றும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படியும் கெஞ்சியது. வேலம்பாசி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“நீங்க யாரா வேணா இருங்க. பாக்கறவங்க கண்ணுக்கு அழுக்குதானே?”

நத்தை தன் உறவுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, தண்டு முதல் நுனி வரை வழித்துத் தின்றது. தப்பிய சில பொடிசுகள் அடிச்சேற்றில் விழுந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தன. வேலம்பாசி பளபளவென்று நின்றது. இப்போதுதான் பார்க்கும்படி இருக்கிறது என்று அல்லி சொன்னது. கெண்டையும் அந்தச் சுத்தமான இலைகளைப் பார்த்து ஆசைப்பட்டு, அவற்றின் நடுவிலேயே முட்டையிட்டது.

குஞ்சுகள் பொரிந்தன. சில நாளில் அவை இலைகளை விட்டு மேலே போய், வாயைத் திறந்தபடி மிதக்கத் தொடங்கின. தாய்க்கெண்டை வேலம்பாசியையே சுற்றிச் சுற்றி வந்தது.

“அக்கா, தண்ணி எரியுதுன்னு சொல்லுதுங்க. உன்ன நம்பித்தானே விட்டேன்.”

பொடிசுகள் இருந்ததால்தான் தண்ணீர் எரியாமல் இருந்தது என்று வேலம்பாசிக்கு அப்போதுதான் விளங்கியது. சேற்றைப் பார்த்து, வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டது. பிறகு மூத்த பொடிசின் குரல் மட்டும் கேட்டது.

“வர்றோம். ஆனா பாக்கறவங்க கண்ணுல இனி பட மாட்டோம்.”

அவை தம்மைக் குறுக்கிக்கொண்டன. கடுகு தூசியாயிற்று, தூசியும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இருந்ததோ கொஞ்சம். அவை பெருகி இலைகளை மூட வெகுநாள் பிடித்தது. தண்ணீரின் எரிச்சல் அடங்கியபோது கெண்டைக்கு ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை. அது வேலம்பாசியை விட்டு வேறு பக்கம் நீந்திப் போய்விட்டது.

வேலம்பாசி மன்னிப்புக் கேட்க நினைத்தது. இலை இலையாகத் தேடியது. “இருக்கீங்களா?” என்று கேட்டது. யாரும் தெரியவில்லை, யாரும் பேசவில்லை. இலைமேல் ஒரு வழுவழுப்பு மட்டும் இருந்தது.

அன்று முதல்தான், வேலம்பாசியைக் கையில் எடுத்தால் வழுக்குகிறது. உற்றுப் பார்த்தாலும் அங்கே ஒருவரும் தெரிவதில்லை.

கேட்டதை அப்படியே எழுதிவிடப் பயமாக இருந்ததால் பிறகு படித்துப் பார்த்தேன். மீன்கழிவின் நெடியான அம்மோனியாவை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் நீருக்கடியில் வளரும் செடிகளின் இலைகள்மேல் உண்மையிலேயே இருக்கின்றன. அந்த வழுவழுப்பில் வேறு பல உயிர்களும் சேர்ந்திருக்கின்றன. கதை அதைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறது. மற்ற பல பாக்டீரியாக்களைப் போல இவை சட்டென்று பெருகுவதில்லை. ஒருமுறை வழித்து எடுத்துவிட்டால், மெதுவாகத்தான் திரும்பி வருகின்றன.