தூளான பாறை

கடைசி ஷாட் ஓகே ஆனதும் எல்லோரும் கைதட்டினார்கள். படப்பிடிப்பு முடிந்தால் பூசணிக்காய் உடைப்பது சினிமாக்காரர்களின் வழக்கம். காய் வந்தது, கற்பூரமும் வந்தது. கலை இயக்குநர் மரகதம் மட்டும், "இருங்க, இன்னும் முடியல" என்று காயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

அவருடைய உதவியாளன் சவரிமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை சென்னையில் ஒரு தயாரிப்பாளர் அவனை வரச் சொல்லியிருந்தார். நேரத்துக்குப் போனால், அவன் தனியாகக் கலை இயக்கம் செய்யும் முதல் படம் கையில் வரும். போகாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மதுரையில் ரயிலைப் பிடிக்க, யூனிட் பஸ் இப்போதே கிளம்பியாக வேண்டும்.

"என்னக்கா முடியல? செட்டைப் பிரிச்சு லாரியில ஏத்தியாச்சு. இடம் சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருக்கா?"

"நீங்களே பாருங்கக்கா. ஒரு குப்பை இல்ல."

உசிலம்பட்டிப் பக்கத்து மேய்ச்சல் நிலம் அது. நிலத்துக்காரர் ஒச்சம்மாள், படப்பிடிப்புக்காகத் தன் ஆடுகளை வேறு காட்டுக்கு ஓட்டிப் போயிருந்தார். இப்போது மந்தையோடு திரும்பி வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

மரகதம் சவரியை வேலிப் படலுக்கு அருகே கூட்டிப் போனார்.

"அப்போ உன் கையாலேயே படலைத் திறந்துவிடு. ஆடு உள்ள வரட்டும். நாமளும் கிளம்பலாம்."

சவரி படலில் கை வைத்தான். முன்னால் நின்ற ஆடு மூக்கை நீட்டியது.

"சண்டைக் காட்சியில பாறைய உடைச்சது எங்க?"

"இங்கதான்க்கா."

அந்தப் பாறையைத் தெர்மகோலில் செய்தவன் சவரிதான். உடையும்போது வெள்ளை தெரியக் கூடாதென்று, துண்டு துண்டாக இந்த மண்ணின் நிறத்தையே பூசி ஒட்டியிருந்தான். கதாநாயகர் ஒரே குத்தில் அதைத் தூளாக்கினார். குத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். தூள் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

"நிஜக் கல்லு எது, நம்ம கல்லு எதுன்னு கேமராமேனுக்கே தெரியலன்னு பெருமையாச் சொன்னியே" என்றார் மரகதம். "ஆட்டுக்குத் தெரியுமா? புல்லோட சேத்து முழுங்கிடாதா?"

சவரி படலிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பஸ் ஹாரன் அடித்தது.

"நீங்க போங்கண்ணே! நான் வரல!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஆனாலும் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

கண்ணால் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. கனத்தால் கல், கனக்காவிட்டால் அவன் செய்தது. இவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. மரகதம் ஏற்கெனவே ஒரு மூலையில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். பஸ் டிரைவர். அவர் பின்னால் லைட்மேன்கள், மேக்கப்காரர், சமையல் ஆட்கள் என்று பஸ்ஸே இறங்கி வந்திருந்தது.

"உன்ன விட்டுட்டுப் போயி நாங்க என்னத்தக் கிழிக்கப் போறோம்? நகரு."

சவரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒச்சம்மாளும் ஒரு சாக்கோடு உள்ளே வந்து, படலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்தபோது சாக்கு நிறைந்திருந்தது. சவரி அந்த நிலத்தை முழங்காலாலேயே இன்னொரு முறை சுற்றி வந்தான். பிறகு மரகதத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

மரகதம் பூசணிக்காயை எடுத்து ஒச்சம்மாளிடம் நீட்டினார்.

"நீங்க உடைங்கக்கா."

"நானா? ஹீரோ தம்பில்ல ஒடைக்கணும், தாயி?"

"அவருதான் பாறையவே உடைச்சிட்டாரே. எங்கள நம்பி இடம் குடுத்தது நீங்க. ரொம்ப நன்றிக்கா."

ஒச்சம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே காயை ஓங்கித் தரையில் போட்டார். எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். இந்த முறை சவரிதான் படலைத் திறந்துவிட்டான். ஆடுகள் முட்டி மோதி வந்து, பூசணித் துண்டுகளைத் தின்றுவிட்டு, பாறை உடைந்த இடத்தில் பரவின.

"கடைசி ரயிலையாவது புடிச்சிரலாமாண்ணே?"

"பாப்போம், ஏறு" என்றார் டிரைவர்.

சவரி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். படியில் கால் வைத்தவன் திரும்பி நிலத்தைப் பார்த்தான்.

"அக்கா, இவ்வளவு நாள் இங்க பாடுபட்டோம். நாம வேலை செஞ்சதுக்கு ஒரு அடையாளமும் இல்லையே?"

மரகதம் ஆடுகளைக் காட்டினார்.

"தலை நிமிராம மேயுது பாரு."