பதிவாளர் அலமாரியின் தீயணைப்பான்கள்

பல்கலைக்கழக ஆய்வகத்தில் தீப்பிடித்து, உதவியாளர் அஞ்சலையின் இரண்டு கைகளும் வெந்துபோயின. விசாரணைக் குழுவிடம் பதிவாளர் செண்பகராமன் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "முந்நூறு ஊழியருக்கும் நானே தீயணைப்புப் பயிற்சி கொடுத்தேன். இதோ எல்லார் கையெழுத்தும். தப்பு அவள்மேல்தான்."

வேலை போய்விடும் என்று மிரட்டி வாங்கிய கையெழுத்துகள் அவை.

பதிவாளர் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவு ஊழியர் மாரிக்கொழுந்து நிமிர்ந்தாள். "ஆமாங்க, நானும் போட்டிருக்கேன். நாங்க பழகின தீயணைக்கிற சிலிண்டரைக் குழுவுக்குக் காட்டுங்கய்யா."

"நாலே நாலுதான். களவு போகாமல் என் பொறுப்பில் வைத்திருக்கிறேன்" என்று பெருமையாகத் தன் அறை அலமாரியைத் திறந்தார் பதிவாளர். நான்கும் பளபளத்தன.

மாரிக்கொழுந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"முந்நூறு பேர் பழகியும் பிளாஸ்டிக் உறை உரியலையேங்கய்யா! அஞ்சலைக்குக் கைத்தோலே உரிஞ்சுபோச்சே!"