புள்ளி விழுந்த ஒன்பது வரிகள்

அறந்தாங்கியில் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ச் சந்தில் பிலோமினா ஒரு டைப்பிங் கடை வைத்திருந்தாள். மனு, பத்திர நகல், விண்ணப்பம் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் அடித்துப் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். கேட்டு வருகிறவர்களுக்கு அவள் வேலையும் கற்றுக்கொடுப்பாள்.

பிலோமினாவுக்கு முப்பத்திரண்டு வயது. முதலில் படிக்க வந்த நாகரத்தினத்துக்கு ஐம்பத்தொன்று. அவள் பிலோமினாவை ‘மிஸ்’ என்றாள். பிலோமினா அவளை ‘அக்கா’ என்றாள்.

ஆறு மாதம் கடையில் நாகரத்தினம் மட்டும்தான். பிறகு தில்ஷாத் வந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குத் தாய். அதிகம் பேசமாட்டாள்.

தில்ஷாத் அடித்த தாள் பிரிண்டரிலிருந்து நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. நாகரத்தினம் அடித்தது திரையில் நேராக இருக்கும். பிரிண்டர் மாட்டியிருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போய், எழுத்தின் அகலம் மாறித் தாளில் இறங்கும்போது ஒரு வரி உள்ளே போயிருக்கும், அடுத்தது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

“ஸ்பேஸ் தட்டித் தட்டி நகர்த்தாதீங்கக்கா. ஸ்கேல்ல எடத்தக் குறிச்சு டேப் வைங்க, ஒரே தட்டுல அங்க போய் நிக்கும்” என்று பிலோமினா ஒரு தடவை சொல்லியிருந்தாள். நாகரத்தினத்துக்குச் சரியாகப் புரியவில்லை. தில்ஷாத் பக்கத்தில் இருந்ததால் மறுபடி கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து அவள் வேறொரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஒரு நாள் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் மிஸ் ‘தில்ஷாத்’ என்று பதினொரு தடவை கூப்பிட்டாள். ‘அக்கா’ என்று நான்கு தடவை. அதிலும் ஒன்று, ‘அக்கா, கதவக் கொஞ்சம் சாத்துங்க.’

ஒரு வியாழக்கிழமை, ஓடைக்கரைத் தெருவிலிருந்து கருப்பையா என்பவர் வந்தார். அறுபத்து மூன்று குடும்பம் அங்கே குடியிருந்தது. பட்டா கேட்டுத் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகிறார்கள். பெயர், தகப்பன் பெயர், கதவு எண் என்று மூன்று பக்கப் பட்டியல் வேண்டும்.

“இதுல ஒரு நம்பர் இடம் மாறினாலும் திருப்பி அனுப்பிருவாங்க தாயி. போன வருசம் அப்படித்தான் ஆச்சு” என்றார்.

பிலோமினா அவர் கொண்டுவந்த பெயர் நோட்டை வாங்கித் தில்ஷாத்திடம் கொடுத்தாள்.

நாகரத்தினம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தாகம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிலோமினா பிரிண்டருக்கு டோனர் வாங்கப் போனாள். தில்ஷாத் தொழுகைக்கு வீட்டுக்குப் போனாள். கடையில் நாகரத்தினம் தனியாக இருந்தாள்.

எப்படி அடித்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் பட்டியலைத் திறந்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்று பக்கமும் கதவு எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. ஒன்றுகூட விலகவில்லை.

பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

ஒரு கதவு எண்ணுக்கு முன்னால் ஸ்பேஸ் தட்டினாள். எண் நகர்ந்தது. இன்னொரு வரியில் தட்டினாள். சில வரிகளில் எண் கீழே இறங்கும்வரை தட்டினாள். ஒன்பது வரி. சேமித்து மூடிவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிலோமினாவும் தில்ஷாத்தும் திரும்பிய பிறகு, மூன்று மணிக்குக் கருப்பையா வந்தார். தில்ஷாத் பிரிண்ட் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டினார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

“எங்க அண்ணன் வீட்டு நம்பரு கீழ எறங்கிக் கெடக்கே தாயி. இது யாரு நம்பருன்னு திங்கக்கிழமை ஆபீஸ்ல கேட்டா?”

தில்ஷாத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “நான் சரியாத்தான் வச்சேன் மிஸ். ரெண்டு தடவ பாத்தேன்.”

அந்த முகத்தைப் பார்க்க நாகரத்தினம் தில்ஷாத் வந்த நாளிலிருந்து காத்திருந்தாள். பார்த்தும் போதவில்லை. மிஸ் ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

பிலோமினா திட்டவில்லை. பட்டியலைத் திறந்து, மேலே ஒரு பட்டனை அழுத்தினாள். தாளில் விழாத அடையாளங்கள் எல்லாம் திரையில் தெரிந்தன. டேப் வைத்த இடத்தில் ஒரு சின்ன அம்பு. ஸ்பேஸ் தட்டின இடத்தில், தட்டுக்கு ஒரு புள்ளி.

பட்டியல் முழுக்க அம்புகள். ஒன்பது வரியில் மட்டும் வரிசையாகப் புள்ளிகள்.

பிலோமினா அதைப் பார்த்தாள். திரும்பவில்லை.

“தில்ஷாத், தப்பு உன்னோடது இல்ல. நீ போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வா. ஸ்கூல் விடற நேரம்.”

தில்ஷாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

“அண்ணே, ஒரு டீ சாப்பிட்டு வாங்க. எடுத்து வச்சிடறோம்.”

கருப்பையாவும் போனார்.

“அக்கா, இங்க வந்து உக்காருங்க.”

நாகரத்தினம் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். தான் தட்டினதெல்லாம் இப்படி எங்கேயோ பதிந்து கிடக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

“சரி பண்ணுங்க.”

“எப்படி மிஸ்?”

“புள்ளிய அழிங்க. வேற எதையும் தொடாதீங்க.”

அழித்தாள். கடைசிப் புள்ளி போனதும் கதவு எண் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நின்றது. அடுத்த வரி. அதற்கடுத்தது. ஒன்பது வரியும் முடிய வெகு நேரம் ஆனது.

பிரிண்ட் வந்தது. கருப்பையா திரும்பி வந்து, நின்றபடியே அறுபத்து மூன்று பெயரையும் பார்த்து முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நாகரத்தினத்தையும் பார்த்துத்தான் கும்பிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான்னு எப்பத் தெரிஞ்சுது மிஸ்?”

“புள்ளியப் பாத்ததும்.”

“அவ இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க சொல்லுவீங்கன்னு விட்டேன்.”

நாகரத்தினம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை விட்டுவிட்டு, “வரட்டும். நானே சொல்றேன்” என்றாள்.

பிலோமினா தலையாட்டினாள்.

“ஒண்ணு கேக்கணும் மிஸ். அவளுக்கு நிக்குது. எனக்கு ஏன் ஒரு வரிகூட நிக்க மாட்டேங்குது?”

பிலோமினா, நாகரத்தினம் காலையில் அடித்த விண்ணப்பத்தைத் திறந்தாள். தரையில் கடுகைக் கொட்டின மாதிரி பக்கம் முழுக்கப் புள்ளி.

“இந்தக் கடைசி வரிய எதப் பாத்து நிறுத்தினீங்க?”

“அதுக்கு மேல் வரியப் பாத்து.”

“அத?”

“அதுக்கு மேல இருக்கறத.”

“முதல் வரிய?”

நாகரத்தினம் நிமிர்ந்தாள். வாசலில் தில்ஷாத் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுவது தெரிந்தது.

“அவ தாளப் பாத்து” என்றாள் மெதுவாக.

“அவ யாரு தாளையும் பாக்கலக்கா” என்றாள் பிலோமினா. “தாளோட ஓரத்துலேர்ந்துதான் அவ அளந்தா.”