சாய்வாசனம்

“சாமி, எந்தப் பாவத்துக்கு எனக்கு இது?”

நாகலிங்கம் குடிலின் வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார் சங்கிலிச் சாமி. நாகலிங்கம் வந்தார், உட்காரவில்லை.

“எது?”

“சொல்ல வாய் கூசுது.”

“கூசினா கூசட்டும். சொல்லு.”

“மூலம் சாமி. ரத்தம் போகுது. வலியக்கூடப் பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்குவேன். இந்த அரிப்பு இருக்கே, அது மனுசனக் கொல்லுது. கண்ண மூடித் தியானத்துல உக்காந்தா மனசு எங்கயும் போகல, கைதான் பின்னால போகுது.”

சாமி சிரிக்கவில்லை.

நாகலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நாளெல்லாம் நின்றே பிழைத்த மனிதர். இனிமேலாவது ஓரிடத்தில் அசையாமல் உட்காருவோம் என்று ஓய்வு பெற்ற கையோடு இந்த மலையடிவார மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே உட்காருவதுதான் தவம். அதுவும் சும்மா உட்கார்ந்துவிட முடியாது. சங்கிலிச் சாமி உட்காருவது போலவே, வலது பக்கம் தரையில் படாமல், உடம்பை இடது பக்கம் சாய்த்து உட்கார வேண்டும். சாய்வாசனம் என்று அதற்குப் பெயர். பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மகிமையைக் கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

பகலில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. சாமி குடிப்பதில்லையே! சாப்பாடு ஒரு வேளை, அவலும் பொரியும். கீரை, காய் என்று வாய் திறப்பவன் நாக்குக்கு அடிமை.

நாகலிங்கம் வாய் திறந்ததே இல்லை. சாமியை அச்சில் வார்த்த மாதிரி உட்காருகிறார் என்று தியானக் கூடத்தில் பெயர் எடுத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு அடுத்தபடியாக அவரைத்தான் கும்பிட்டார்கள்.

“அரிப்புக்கு என்ன பண்ணுன?”

“அடுப்புச் சாம்பல் வச்சுத் தேச்சேன்.”

“தேச்சா?”

“எரியுது சாமி.”

“எரியாம என்ன பண்ணும்?”

சாமி எழுந்து அடுப்பை மூட்டினார். ஒரு குண்டான் தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சினார். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை இழுத்து, அதில் ஊற்றிச் சூடு பார்த்தார்.

“கோவணத்த அவுத்துட்டு இதுல உக்காரு.”

“உங்க முன்னாலயா?”

“நான் சுவத்தப் பாத்துக்கிறேன்.”

நாகலிங்கம் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் “அம்மா” என்றார். எத்தனையோ மாதம் கழித்து உடம்பு அவர் சொன்னபடி கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

சாமி சுவரோடு பேசினார்.

“தெனமும் ரெண்டு மூணு வாட்டி இப்படி உக்காரு. கழுவினா மெதுவா ஒத்தி எடு, தேய்க்காத, சொறியாத. சாம்பல், சோப்பு எதுவும் வேணாம். கோவணத்த இறுக்காத. தண்ணி நெறைய குடி. கீரை தின்னு, பழம் தின்னு. வந்தாப் போ, வரலேன்னா முக்கிக்கிட்டுக் கெடக்காத. நடுவுல எழுந்து நட. ரத்தத்த மட்டும் சும்மா விடாத, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. அங்க போயும் கூசிக்கிட்டு நிக்காத.”

நாகலிங்கம் தொட்டியைப் பார்த்தார். புதுத் தொட்டி இல்லை. விளிம்பு தேய்ந்து, நிறம் வெளுத்துக் கிடந்தது.

“சாமி, இது யாரோடது?”

சாமி சுவரில் பெயர்ந்திருந்த காரையை நகத்தால் சுரண்டினார்.

“சாமி... அந்தச் சாய்வு?”

“வலது பக்கம் தரையில பட்டா உயிர் போயிடும், அப்பல்லாம்.”

“தண்ணி குடிக்காதது?”

“வெளிக்குப் போகப் பயம். குடிக்கலேன்னா போக வேண்டாம்னு நெனச்சேன். இன்னும் இறுகிப் போச்சு. டவுன்ல ஒரு டாக்டரம்மா திட்டின திட்டுலதான் புத்தி வந்துச்சு.”

“இப்ப?”

“இப்ப உள்ள வந்து குடிச்சுக்கிறேன். வலி போயி வருசக்கணக்காச்சு.”

“அப்புறம் எதுக்கு இன்னும் சாஞ்சு உக்கார்றீங்க?”

“நேரா உக்காந்தா நீங்க விடுவீங்களா?”

நாகலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனிதரைப் பார்த்துப் பார்த்து அல்லவா இத்தனை ரத்தம்!

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“எவன் கேட்டான்? ஒருத்தன் கோணி உக்காந்தா வலிக்குதான்னு கேக்கணும். நீங்க கால்ல விழுந்தீங்க.”

நாகலிங்கம் தொட்டியை விட்டு எழுந்தார்.

“நீ போய்ச் சொல்லு” என்றார் சாமி. “என்னால முடியல. உனக்குக் கோவம் இருக்கு. கோவம் ஆறுறதுக்குள்ள போ.”

நாகலிங்கம் கோவணத்தைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார். எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கை தரையை இறுகப் பிடித்திருந்தது. இதையெல்லாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இன்றோடு இது ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

டீக்கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போன வாரம்தான் வந்து சேர்ந்த வரதப்பன், கண்ணைத் திறந்து பார்த்தார்.

“ஐயா ஏன் நிக்கிறீங்க? உக்காரலையா? ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?”

கூடமே கண்ணைத் திறந்தது.

சொல் நாக்கின் நுனியில் இருந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நாகலிங்கம் பார்த்தார். பஸ்ஸில் ஒருவன்கூட அவரை இப்படிப் பார்த்ததில்லை. சில்லறை கேட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை மெல்ல ஆசீர்வாதம் போல உயர்ந்தது.

வரதப்பன் எழுந்து வந்து காலில் விழுந்தார்.

மறுநாள் காலை கூடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பானை மூடியபடியே இருந்தது.

சங்கிலிச் சாமி வந்து பார்த்தார். நாகலிங்கத்தின் அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஒருத்தனும் கேக்கலையா?”

நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டான் சாமி.”

சாமி பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னையும் ஒருத்தன் கேட்டான்” என்றார்.