பனிமலையில் பூட்ஸைக் கழற்றிய சொர்ணத்தாயி

வெயில் மட்டுமே விளையுற ஒரு ஊர்ல ஒரு சொர்ணத்தாயி இருந்தாளாம். சாத்தூர்ப் பக்கம். மே மாசம் வந்தா அவ வீட்டுத் தகரக் கூரை டக் டக்குனு தன்னால வெடிக்கும். ம் சொல்லு. நீ சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

ஒரு மே மாசம் அவளும் அவ புருஷன் குருவையாவும் டூர் பஸ்ஸுல இமயமலைக்குப் போனாங்க. அங்க கோடையிலயும் மலை மேல பனி கிடக்குமாம். காலையில ஏறி, பனியில நடந்துட்டு, மூணு மணிக்குள்ள பஸ்ஸுக்குத் திரும்பிரணும். அடிவாரத்துல வாடகைக்கு முரட்டு பூட்ஸ் குடுத்தாங்க. மாட்டிக்கிட்டு சரக் சரக்குனு நடந்தாங்க.

குருவையாவுக்கு மூட்டு வலி. பாதி வழியில ஒரு டீக்கடையைப் பாத்ததும் உக்காந்துட்டார். "நீ போயிட்டு வா. நான் இங்க இருந்தே மலையைப் பாத்துக்கிறேன்."

"மலையையா, பஜ்ஜிச் சட்டியையா?"ன்னுட்டு அவ போனா.

அப்புறம், மேல ஒரு கல்லுக் குவியல். அதுல செவப்புத் துணி கட்டி படபடன்னு ஆடுது. ஒரு மணி தொங்குது. சாமின்னு யாரும் சொல்லணுமா அவளுக்கு? பூட்ஸைக் கழட்டினா. சாக்ஸையும் கழட்டி, பாறை ஓரமா வச்சுட்டு, வெறுங்காலோட பனியில ஏறிட்டா.

"யாரும் திட்டலையா?"

கூட வந்தவங்க பனியை உருட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க தங்கம். ஒருத்தரும் பாக்கல.

மொத பத்தடி சுள்ளுனு இருந்துச்சு. அடுத்த பத்தடி முள்ளு முள்ளா குத்துச்சு. அப்புறம் ஒண்ணுமே தெரியல. வருஷா வருஷம் அம்மன் கோயில்ல பூக்குழி மிதிக்கிறவ அவ. நெருப்பே சுடாத காலைப் பனி என்ன பண்ணும்? ஆத்தா வலியை எடுத்துக்கிட்டான்னு நெனச்சா. அதுதான் தங்கம் ஆபத்து. வலிச்சிருந்தா எறங்கியிருப்பா. வலிக்கல, ஏறிக்கிட்டே இருந்தா.

கும்பிட்டு எறங்குறப்போ கால் கட்டை மாதிரி தொம்மு தொம்முனு விழுந்துச்சு. பூட்ஸுக்குள்ள நொழையல. அதைக் கையில தூக்கிக்கிட்டு, தடுமாறித் தடுமாறி டீக்கடைக்கு வந்து சேந்தா.

குருவையா பாத்தார். பத்து விரலும் சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளை.

"கிள்ளுறேன், தெரியுதா பாரு."

"கிள்ளுங்க."

"கிள்ளிட்டேன்டி."

அப்பத்தான் அவ மொகம் செத்துப்போச்சு.

அப்போ அவர் காலைப் பிடிச்சு பரபரன்னு தேய்ச்சார். டீக்கடைக்காரம்மா ஓடி வந்தா. டோல்மான்னு பேரு, நரைச்ச தலை. அவர் கையைத் தட்டிவிட்டு, "நஹி, நஹி"ன்னா, கூடாதுன்னு. ஒறைஞ்ச காலைத் தேய்ச்சா தோலு பிஞ்சுரும். சரின்னு காலை அடுப்புப் பக்கம் கொண்டுபோனார். அதுக்கும் "நஹி." மரத்துப்போன கால் வெந்தாக்கூடத் தெரியாதே. மூணாவதா டோல்மாவே கீழ உக்காந்தா. தன்னோட கம்பளிச் சட்டையைத் தூக்கி, சொர்ணத்தாயி காலு ரெண்டையும் இழுத்து வெறும் வயித்துல வச்சா.

சொர்ணத்தாயி வெடுக்குனு உருவிட்டா. யார் மேலயாவது கால் தெரியாமப் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவ. "பெரியவங்க வயித்துல நான் கால் வைக்கவா? விடச் சொல்லுங்க."

டோல்மா மறுபடி இழுத்தா. இவ மறுபடி உருவினா. மூணாவது தடவை குருவையா இவ முழங்காலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டார். "கால் போயிட்டா எந்தக் கோயிலுக்குடி நடப்ப?"

அவ அடங்கிட்டா. ரெண்டு பாதமும் ஐஸ் கட்டி. டோல்மாவுக்கு வயிறு வெடவெடன்னு ஆடுது, பல்லைக் கடிச்சுக்கிட்டா. கையை மட்டும் எடுக்கல.

"வலி வந்துச்சா?"

ரொம்ப நேரம் வரல. கீழ பஸ் பாம் பாம்னு கூப்பிட்டுச்சு. குருவையா எந்திரிக்கல. அப்புறம் வலது கட்டைவிரல்ல சுரீர்னு ஒண்ணு. அப்புறம் பக்கத்து விரல்ல. அப்புறம் தேள் கொட்டுற மாதிரி ஒவ்வொண்ணா. "வலிக்குதுங்க, வலிக்குதுங்க"ன்னு அழுதா. குருவையா கண்ணைத் தொடைச்சுக்கிட்டே சிரிச்சார். ஒம்பது விரல் வந்துருச்சு. இடது சுண்டுவிரல் மட்டும் அப்படியே, வெள்ளையா.

"அது வராதா?"

அவங்களும் அதையேதான் நெனச்சு ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பஸ் மறுபடி பாம்னுச்சு. டோல்மா, போகணுமான்னு கண்ணாலயே கேட்டு, பிடியைத் தளர்த்தினா. இந்தத் தடவை சொர்ணத்தாயி காலை உருவல. தானே இன்னும் கொஞ்சம் அழுத்தி வச்சுக்கிட்டா.

பஸ் நின்னுச்சோ, கெளம்பிருச்சோ. மூணு பேரும் திரும்பிப் பாக்கல. அந்த ஒத்த விரலுக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"ம்..."

அப்புறம், சுரீர்.

அவளுக்குப் பத்து விரலும் முழிச்சிருச்சு. நீ கண்ணை மூடு.