கரிச்சான் எடுத்த நான்கு தட்டு

மூன்றாவது அடியைப் பாடிக்கொண்டிருக்கும்போது, பட்டைக்குள் ஒரு புழு நகரும் சத்தம் கேட்டது. மரங்கொத்தி பாட்டை விட்டுவிட்டு மரத்தைக் கொத்தியது. டொக், டொக், டொடொக், டொக். புழு உள்ளே போய்விட்டது. மரங்கொத்தி விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தது.

அந்த இடைவெளியில், கீழே பாறையில் உட்கார்ந்திருந்த பறவைகள் எழுந்து நின்றிருந்தன. பாட்டு தொடர்ந்ததும் ஒவ்வொன்றாக மறுபடி உட்கார்ந்தன. மரங்கொத்திக்கு இது தெரியாது. பாடும்போது அது கண்ணை மூடிக்கொள்ளும்.

பறவைகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மழைக்கு முன்பு அவை அந்தப் பாறையில் கூடி ஆடும். ஆடும்போதுதான் ஜோடி சேரும். ஜோடி சேர்ந்தால்தான் அந்த வருடம் கூடு. ஆளுக்கு ஒரு பாட்டு இருந்தது. ஒருவர் பாட்டை இன்னொருவர் தொடக்கூடாது. மரங்கொத்தியின் பாட்டுதான் எல்லாவற்றிலும் நீளம், நாற்பது அடி. அதைக் கட்டி முடிக்க ஏழு கோடை ஆயிற்று என்று கேட்காதவர்களிடமும் சொல்லும். கரிச்சானுக்குப் பாட்டே கிடையாது. காது மட்டும் இருந்தது.

மறுநாள் காலை கரிச்சான் வந்தது.

"அண்ணே, நேத்து நடுவுல தட்டினீங்களே, அதைக் கொஞ்சம் நீட்டிப் போட முடியுமா?"

"எதை?"

"டொக், டொக், டொடொக், டொக்."

மரங்கொத்திக்குப் புரியச் சற்று நேரமானது. "அது பாட்டில்லடா. பசி."

"இருக்கட்டும்ணே. அதுக்குத்தான் எல்லாரும் எந்திரிச்சாங்க."

"என் பாட்டுக்கு எந்திரிச்சாங்க."

"காடை அக்காவைக் கேட்டுப் பாருங்க."

காடை கீழே புல்விதை பொறுக்கிக்கொண்டிருந்தது. நிமிராமலே சொன்னது: "மூணு வருஷமா ஜோடி இல்லாம இருக்கேன். நேத்துதான் முதல் தடவையா காலு தானா எழுந்துச்சு. ஒரு காலை வெச்சேன். அடுத்த காலை வைக்கிறதுக்குள்ள, 'மலையே, மேகமே'ன்னு பாட்டைத் திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்க."

"அந்தப் பாட்டுல என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. தூக்கம் நல்லா வருது."

மரங்கொத்தி கரிச்சானைப் பார்த்துச் சொன்னது: "பாடினா முழுசாப் பாடுவேன். நடுவுல ஒரு தட்டும் கிடையாது."

மூன்றாம் நாள் அந்த வருடத்தின் கடைசிக் கூட்டம். மேற்கே மேகம் இறங்கியிருந்தது. மரங்கொத்தி புழு இல்லாத மரமாகத் தேடிப் பிடித்து உட்கார்ந்து பாடத் தொடங்கியது. பத்து அடி போனது. இருபது போனது. யாரும் எழவில்லை. காடை மட்டும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. பாறையில் முதல் துளி விழுந்தது. மழை பிடித்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். அப்புறம் அடுத்த வருடம்தான்.

கரிச்சான் கீழ்க்கிளையில் இருந்தது. அது வாயைத் திறந்தது. டொக், டொக், டொடொக், டொக். மரத்தைத் தொடவில்லை, தொண்டையிலேயே அந்தச் சத்தம் வந்தது. முடிந்த இடத்தில் அதையே மறுபடி வைத்தது. மறுபடியும் வைத்தது. ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. காடை தூக்கிய காலை ஊன்றியது, அடுத்ததையும் ஊன்றியது. பாறை முழுக்க எழுந்துவிட்டது. கரிச்சான் அந்தத் தட்டின் மேல் மாங்குயிலின் சீழ்க்கையில் பாதியையும் அணிலின் கீச்சில் கொஞ்சத்தையும் போட்டது. மழை வலுக்கும் வரை ஆடினார்கள்.

மரங்கொத்தி இருபத்தாறாம் அடி வரை பாடியது. பிறகு கண்ணைத் திறந்தது.

மழை விட்டதும் கரிச்சானிடம் போனது.

"என்னோடதை எடுத்துட்டே."

"பாட்டை எடுக்கலண்ணே. நாற்பதுல ஒண்ணைக்கூடத் தொடல."

"தட்டு என்னுது."

"பசின்னு சொன்னீங்களே."

"என் பேரையாவது சொன்னியா?"

கரிச்சான் தன் காலைப் பார்த்தது. "அவசரத்துல விட்டுப்போச்சு."

அந்த மழைக்காலத்துக்குள் தட்டு காடெங்கும் போய்விட்டது. குக்குறுவான் பறவை அதில் ஒரு டொக்கை மட்டும் எடுத்து நாள் முழுக்க அதையே கூவிக்கொண்டிருந்தது. தவளைகள் அதைக் கனமாக்கி மெதுவாக்கின. ஒவ்வொருவரும் கரிச்சானிடமிருந்து எடுத்ததாகச் சொன்னார்கள். மரங்கொத்தி தனியே உட்கார்ந்து, சத்தமில்லாமல், நாற்பது அடியையும் சொல்லிப் பார்த்துக்கொண்டது. ஒன்றும் மறந்துவிடவில்லை.

அடுத்த கோடையில் முதல் ஆளாகப் பாட வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோரையும் தன் பக்கம் திருப்ப மரத்தை நான்கு தட்டுத் தட்டியது. பழைய பழக்கம். அதே தட்டுதான் வந்தது.

காடைக்குப் போன வருடம் ஜோடியான ஆண் காடை அடுத்த மலையைச் சேர்ந்தது, கரிச்சானின் தட்டு தொடங்கிய பிறகுதான் அன்று ஆட வந்திருந்தது. அது தலையை ஆட்டிக் கேட்டது.

"நல்லாத்தான் தட்டறீங்க. ஆனா எங்க பக்கம் கரிச்சான் போடற மாதிரி வரல. அவர்கிட்டதான் கத்துக்கிட்டீங்களா?"

"சும்மா இருங்க," என்று காடை அதன் விலாவில் கொத்தியது.

மரங்கொத்தி அந்த ஆண் காடையைப் பார்த்தது. பிறகு பாறையைப் பார்த்தது. எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள், ஒரு காலைத் தூக்கியபடி. பாட்டின் முதல் சொல் அலகு வரைக்கும் வந்திருந்தது.

மரங்கொத்தி அலகை மூடிக்கொண்டது. மரத்தில் நகங்களை அழுத்திப் பதித்து மறுபடி தட்டியது. மறுபடியும் தட்டியது.

அன்று முதல்தான் மரங்கொத்திக்குப் பாட்டு இல்லை. துணையைக் கூப்பிடவும் அது மரத்தைத்தான் தட்டுகிறது. கரிச்சானின் தொண்டையில் காட்டின் எல்லாக் குரலும் துண்டு துண்டாக இருக்கிறது. அது எங்கே கத்தினாலும் மற்ற பறவைகள் அங்கே கூடுகின்றன. அந்த நாற்பது அடி யாருக்கும் தெரியாது.

அன்று மட்டும், மரங்கொத்தி தட்டி முடிக்கும் வரை, கரிச்சான் கீழ்க்கிளையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.